கிராண்ட் உங்களுடையது, சத்தம் யாருடையது?

கேள்வி: எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மூலை வீடு என்னுடையது. வாசலில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். அதை மூடச் சொல்லி உள்ளூராட்சி மன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் நிலம், என் பெயரில் கிராண்ட் (நிலப் பட்டா). கேட்க இவர்கள் யார்? ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவரை இந்தத் தொல்லை உண்டா? – பேராக் தோட்டப் பட்டணத்து வாசகர்.

பதில்: உங்கள் கடிதத்தின் மறுபக்கத்தையும் படித்தேன். கடைவீதியில் ஒருவர் மாடியைக் கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் வீடாக்கி, அவற்றை வரவழைக்க விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் கீச்சொலி போடுகிறார், மன்றம் தூங்குகிறதா என்று அங்கே கொதித்திருக்கிறீர்கள். அவரிடமும் கிராண்ட் இருக்கிறது, ஐயா.

தோட்டத்தில் தொல்லை இல்லையா? மேட்டில் துரை பங்களா, சற்றுக் கீழே கிராணி (எழுத்தர்) வீடுகள், பள்ளத்தில் தொழிலாளர் லயங்கள், ஒதுக்குப்புறமாகக் கள்ளுக்கடை. ரப்பர்ப் பால் நாற்றம் யார் வாசலுக்கு வரலாம் என்பதுவரை தீர்மானமான ஊர் அது. அதைவிடக் கறாரான மண்டலப் பிரிவை நான் கண்டதில்லை. ஆட்சேபிக்கத்தான் யாருக்கும் இடமில்லை. லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை போட உங்கள் தாத்தா யாரிடம் போய் நின்றார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இனி சட்டம். மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என வகைப்படுத்துகிறது. உங்கள் கிராண்டிலேயே வகையும் நிபந்தனையும் அச்சாகியிருக்கும். வங்கிக் கடனுக்காக நகல் எடுத்தபோதாவது அதைப் படித்தீர்களா? தீபகற்பத்தில் இதற்கு மேல் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. எந்தப் பகுதி எதற்கு என்று சொல்லும் உள்ளூர்த் திட்டம் அதன்படி வருவது. புதிதாகக் கட்டினால்தான் அனுமதி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குறிப்பிடத்தக்க அளவில் பயன்பாட்டை மாற்றுவதும் அந்தச் சட்டத்தின் பார்வையில் 'மேம்பாடு'தான். அனுமதியில்லாமல் செய்தால் 500,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வாசலில் கம்ப்ரஸர் ஓட, கழிவெண்ணெய் சாக்கடையில் இறங்க, பழுதுக்கு வந்த வண்டிகள் பாதி வழியை அடைத்து நிற்க, அதை இன்னும் 'வீடு' என்று எப்படிச் சொல்வது?

அதற்காக இந்த உள்ளூர்த் திட்ட வரைபடத்தைப் பெரிதாக எண்ணவும் வேண்டாம். அது யாருக்கும் நிலத்தைச் சொந்தமாக்குவதில்லை. தோட்டம் கைமாறிய ஊர்களில் 'வழிபாட்டுத் தலம்' என்று படத்தில் குறித்திருப்பதைக் காட்டி, கோயில் நிலம் நமதாகிவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. மறுபுறம், திட்டம் நடைமுறைக்கு வருமுன்பே முறைப்படி இருந்துவந்த பயன்பாட்டைச் சட்டம் தொடரவிடுகிறது. 'முறைப்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் உரிமம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 4 வாரம் தர வேண்டும் என்பதும் அதே சட்டம். அந்தச் சமயத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் மன்றப் படி ஏறுகிறோம்? கடிதம் வந்த பிறகுதான் சட்டமன்ற உறுப்பினரைத் தேடுகிறோம்.

மன்றத்துக்கு இப்போதே பதில் எழுதுங்கள். கடையை மாற்ற அவகாசம் கேளுங்கள். பட்டறைக்கு அனுமதியுள்ள கடைமனை எங்கே இருக்கிறது என்று திட்டப் பிரிவில் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். குருவி வீட்டுப் புகாரைத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள்.