பாலையும் நிறுத்தியாச்சு, பையன் வளருவானா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. பரம்பரையாகவே சைவக் குடும்பம். ஒரு வருடமாகப் பால், தயிர், நெய்யையும் விட்டுவிட்டோம். அவனுக்குக் கடையில் வாங்கும் பாதாம் பால் தருகிறேன். பள்ளி வரிசையில் முதல் ஆளாக நிற்கிறான். “பால் குடிக்காத பிள்ளை எப்படி வளரும்?” என்று மாமியார் தினமும் கேட்கிறார். இப்படியே தொடரலாமா?
– ஈரோடு வாசகி

பதில்: தொடரலாம், ஆனால் வைட்டமின் பி12 மருந்து இல்லாமல் தொடரக் கூடாது. இதுவரை உங்கள் வீட்டுக்கு பி12 பாலிலும் தயிரிலும்தான் வந்துகொண்டிருந்தது. காய்கறி, பருப்பில் அது கிடையாது. பழைய சோற்றில் இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருந்துவிடாதீர்கள். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடும் பிள்ளைக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைக்கும். அதனாலேயே பி12 குறைவால் வரும் ரத்தசோகை வெளியே தெரியாமல், நரம்பு மட்டும் பாதிக்கப்படலாம். பி12 குறைந்தால் விரல் கணுக்கள் கறுக்கலாம்; அவை புதிதாகக் கறுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கறுக்காவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டி பி12, ஹீமோகுளோபின், வைட்டமின் டி மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். மருந்தின் அளவை அவர் சொல்வார்.

மாமியார் கேட்பதிலும் நியாயம் உண்டு. போலந்தில் 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பாலும் சேர்க்காத பிள்ளைகள் அசைவம் சாப்பிடுபவர்களைவிடச் சராசரியாக 3 செ.மீ. குள்ளமாக இருந்தார்கள், எலும்பில் தாதுச்சத்தும் குறைவு.

பாதாம் பாலை நிறுத்திவிடுங்கள். கடைப் பாதாம் பாலில் பெரும்பாலும் ஒரு டம்ளருக்கு 1 கிராம் புரதம்தான் தேறும். கால்சியம் சேர்த்த சோயா பால் எவ்வளவோ மேல்.

புரதத்துக்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இந்த வயதுக்கு நாளுக்குச் சுமார் 16 கிராம் போதும். 30 கிராம் பருப்பிலேயே 7 கிராம் வந்துவிடும். கலோரிதான் பிரச்சினை. சின்ன வயிறு, கீரைச் சாதத்திலேயே நிரம்பிவிடும். அதனால் சாதத்தில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றுங்கள். இட்லிக்கு வேர்க்கடலைப் பொடியோ தோல் நீக்காத எள்ளில் அரைத்த பொடியோ கொடுங்கள். கடலையை முழுசாகத் தராதீர்கள், புரையேறும். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. இரும்புச்சத்து உடம்பில் சேரச் சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுங்கள். டீ வேண்டவே வேண்டாம்.

அப்புறம், வரிசையில் முன்னால் நிற்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீங்களும் அவன் அப்பாவும் என்ன உயரம்? பள்ளியில் போன வருடம் எடுத்த உயரம் இருந்தால் வாங்கிப் பாருங்கள். வருடத்துக்கு 5 செ.மீ.க்குக் குறைவாக வளர்ந்திருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். காரணம் சாப்பாடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.