வாசகர் கேள்வி – பதில்: நூறு வயதுப் பந்தயக் கார்கள்

கேள்வி: 2007ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ப்ரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தின் நூற்றாண்டைக் கொண்டாடப் பழைய பந்தயக் கார்கள் திரண்டதாகப் படித்தேன். சாலை இருக்கும்போது தனித் தளம் எதற்காகக் கட்டினார்கள்? அங்கே இன்றும் பந்தயம் நடக்கிறதா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சாலையில் பந்தயம் விடுவதற்கு அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பிரான்சில் 1906ஆம் ஆண்டு லே மான் நகரை அடுத்த பொதுச் சாலைகளை மறித்தே முதல் கிராண்ட் பிரி பந்தயத்தை நடத்திவிட்டார்கள். இங்கிலாந்திலோ 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி மணிக்கு 20 மைலுக்கு மேல் யாரும் போகக் கூடாது. தம் நாட்டுக் கார்கள் முழு வேகத்தில் ஓடிப் பார்க்க இடமின்றிப் பின்தங்குவதைக் காணப் பொறாத ஹ்யூ லாக் கிங் என்ற நிலக்கிழார், சர்ரே மாவட்டம் வேபிரிட்ஜில் இருந்த தமது சொந்த நிலத்தில், தமது சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியதே ப்ரூக்லேண்ட்ஸ். சுற்றளவு இரண்டே முக்கால் மைல், அகலம் 100 அடி. வேகத்தைக் குறைக்காமல் திரும்புவதற்காக, வளைவுகளின் வெளி விளிம்பைக் கிட்டத்தட்ட 30 அடி உயரத்துக்கு கான்கிரீட்டால் எழுப்பியிருந்தார்கள். செலவு கைமீறி அவருடைய உடல்நலமும் குன்றியபோது, அவருடைய மனைவி எத்தல் முன்னின்று வேலையை முடித்தார். 1907 ஜூன் 17 அன்று நடந்த திறப்பு விழாவில் தமது இட்டாலா காரை ஓட்டிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் சென்றவரும் அந்த அம்மையார்தான். நூற்றாண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் பெயரை ஒரு வரியோடு கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை.

திறந்து பதினோரு நாள் கழித்து எஸ்.எஃப். எட்ஜ் என்பவர் நேப்பியர் கார் ஒன்றை 24 மணி நேரம் தாமே ஓட்டி 1,581 மைல் கடந்தார். இரவில் தளத்தின் ஓரம் தெரிவதற்காக நூற்றுக்கணக்கான சிவப்பு விளக்குகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஆனால் இரவெல்லாம் தூக்கம் கெட்ட அக்கம்பக்கத்தார் போர்க்கொடி தூக்கவே, இரவு ஓட்டம் தடை செய்யப்பட்டது. பிற்காலத்தில் அங்கே 24 மணி நேரப் பந்தயம் நடத்த விரும்பியவர்கள் அதைப் பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு பகல்களுக்குப் பிரித்து, இடைப்பட்ட இரவில் கார்களைப் பூட்டி வைக்க வேண்டியிருந்தது.

1939இல் போர் மூண்டதும் பந்தயம் நின்றது. தளத்தை ஒட்டியிருந்த விமானத் தொழிற்சாலைகளின் தேவைக்காக வளைவு வெட்டப்பட்டது. அதன் பிறகு பந்தயம் திரும்பவே இல்லை. எஞ்சிய வளைவுகளில் ஒரு பகுதியும் அருங்காட்சியகமும் இன்று இருக்கின்றன.

கேள்வி: அந்தக் காலத்துப் பந்தயங்களால் சாமானிய மக்களுக்கு ஏதாவது பயன் இருந்ததா, வெறும் பணக்காரர்களின் பொழுதுபோக்கா?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: பணக்காரர்களின் பொழுதுபோக்குத்தான்; ஆனாலும் பயன் ஊருக்கே கிடைத்தது. மேலே சொன்ன 1906ஆம் ஆண்டு லே மான் பந்தயத்தையே பாருங்கள். இரண்டு நாள், 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம், கடும் வெயில், உருகித் தெறித்த தார். பஞ்சரானால் ஓட்டுநரும் உடன் செல்லும் மெக்கானிக்குமே பழுது பார்க்க வேண்டும் என்பது விதி. சக்கரம் காரிலேயே இருக்க, பழைய டயரைக் கத்தியால் அறுத்தெறிந்துவிட்டு, புது டயரை நெம்புகோலால் ஏற்றிக் காற்றடிக்கக் கால் மணி நேரம் பிடித்தது. மிஷ்லின் நிறுவனம் செய்த கழற்றி மாட்டும் ரிம்மைப் பயன்படுத்தியவர்களோ, காற்றடித்த டயரோடு கூடிய ரிம்மை நட்டுகளை முடுக்கிச் சில நிமிடங்களில் மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். அப்படிக் கிளம்பியவர்களில் ஒருவரான ரெனோ ஓட்டுநர் ஃபெரன்ஸ் சிஸ் வென்றார். காற்றடித்துத் தயாராக வைத்திருக்கும் ஸ்டெப்னியை இன்று வழியோரத்தில் மாட்டிக்கொண்டு போகிற வசதி, இத்தகைய நெருக்கடிகளில் தேறி வந்ததுதான்.

கேள்வி: விலைமதிப்பற்ற அந்தப் பழைய கார்களை ஏன் ஓட்டித் தேய்க்கிறார்கள்? கண்ணாடிக் கூண்டில் வைத்துப் பாதுகாக்கலாமே?
– ஒரு வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: அம்மா, உங்கள் அக்கறை நியாயமானது. ஆனால் ஓடாத கார் ஓடும் காரைவிட விரைவாகக் கெடுகிறது. நின்றுவிட்ட எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பரும் தோலும் வெடிக்கும். மர ஆரங்கள் கொண்ட சக்கரம் நமது பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றில் சுருங்கி ஆட்டம் கொடுக்கும். அன்றைய பந்தயக் கார்கள் பலவற்றுக்கு மசகாக ஊற்றியது வேறொன்றுமில்லை, நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெயைச் சேர்த்த எண்ணெய்தான். கடும் சூட்டிலும் உலோகத்தைவிட்டு வழியாமல் ஒட்டி நிற்பது அதன் சிறப்பு. பயன்படுத்தாமல் விட்டால் பிசினாக இறுகிவிடுவது அதன் குறை. ஆகவே ஓட்டுவதும், ஓட்டி முடித்ததும் எண்ணெயை வடிப்பதும் பராமரிப்பின் பகுதியே.

ஜான் காப் 1935இல் ப்ரூக்லேண்ட்ஸைச் சராசரியாக மணிக்கு 143.44 மைல் வேகத்தில் சுற்றி, எவராலும் முறியடிக்கப்படாத சாதனையை நிகழ்த்தினார். அவர் ஓட்டிய நேப்பியர்-ரெயில்டன் காருக்கு 24 லிட்டர் விமான எஞ்சின். பிரேக் பின் சக்கரங்களில் மட்டும். இந்த விவரங்களைப் பலகையில் எழுதி வைத்தால் படிக்கலாம். ஆனால் அதைக் கிளப்பும்போது தரையில் உண்டாகும் அதிர்வையும், பிரேக்கைக் குறைவாகவே நம்பி அதை ஓட்டியவரின் துணிவையும் உணர, அது ஓட வேண்டும். அதை இன்று காக்கும் ப்ரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகம் விழாக்களில் ஓட்டியும் காட்டுகிறது. அதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பெண்கள் அந்நாளில் பந்தயத்தில் ஓட்டினார்களா?
– கல்லூரி மாணவி, சித்தூர் (பாலக்காடு)

பதில்: ஓட்டினார்கள். ப்ரூக்லேண்ட்ஸில் 1908இல் நடந்த மகளிர் பந்தயத்தில் ஆஸ்டின் கார் ஓட்டி வென்றவர் மியூரியல் தாம்சன். பிறகு பல ஆண்டுகள் பெண்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். ஆனாலும் 1935இல் கே பெட்ரீ, பத்தரை லிட்டர் டெலாஜ் காரில் மணிக்கு 130 மைலைத் தாண்டிச் சுற்றினார். ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ள அவருக்குக் கால் எட்டுவதற்காக மிதிகளில் கட்டைகள் பொருத்த வேண்டியிருந்தது.

கேள்வி: தாத்தா வைத்திருந்த அம்பாசிடர் வீட்டில் நிற்கிறது, ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது. கோவையில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புக்குக் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், வாளையார்

பதில்: தாராளமாக. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்த, சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்தை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். முன்பே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது மனத்துக்கு நிறைவான ஏற்பாடு, ஏனென்றால் தாத்தாவின் வண்டியை ஊர் அடையாளம் கண்டது அந்த எண்ணால்தான். அணிவகுப்பு, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ கூடாது. ஆர்.சி. புத்தகத்தையும் நடப்பிலுள்ள இன்சூரன்ஸையும் கையோடு வைத்திருங்கள்.

பளபளவென்று பெயிண்ட் அடிப்பதில் முதலில் பணத்தைப் போடாதீர்கள். டாங்கியில் துரு இருந்தால் கழுவி, பிரேக் சிலிண்டர்களைப் பிரித்துப் பார்த்து, பெட்ரோல் குழாய்களை மாற்றுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் கோவை வரை போக வேண்டாம். ஊருக்குள் சில வாரம் ஓட்டிப் பழக்கி, சூடு ஏறாமல் நிற்கிறது என்று தெரிந்த பிறகு எல்லையைத் தாண்டுங்கள்.