சளியில் ரத்தம், சிறுநீரகமும் பழுது: இரண்டும் ஒரே நோயா?

அப்பாவுக்கு இருமினால் ரத்தம், கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுகிறது, இரண்டும் ஒரே நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நோயாக இருக்கலாம். எங்கள் வீட்டிலேயே பார்த்தோம்.

என் சித்தப்பா பெகு பக்கம் வயல் வேலை செய்பவர். இருமலும் சளியில் ரத்தமும் வந்தது. பர்மாவில் இப்படி என்றால் எல்லோருக்கும் முதலில் டிபிதான் நினைவுக்கு வரும், அத்தனை பரவலான நோய். சளியில் கிருமி தெரியவில்லை. ஆனாலும் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு இருந்ததால் டிபி மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அது உண்மைதான். அதனால் நிறம் மாறியதும் சித்தி நிம்மதியாகவே இருந்தார். ஒருநாள் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சே இல்லை. பால் விடாத கடுந்தேநீர் நிறம், மேலே நுரை கலையாமல் நின்றது. நிறம் ரத்தத்தால், நுரை புரதத்தால்.

உடனே ரங்கூனுக்குக் கொண்டுவந்தோம். கிரியேட்டினின் 6 என்று மிகவும் ஏறியிருந்தது, ஹீமோகுளோபின் 7 ஆக இறங்கியிருந்தது. வெளியே துப்பியதோ ஒரு கரண்டி தேறாது. மீதி ரத்தம் நுரையீரலுக்குள்ளேயே கசிந்திருந்தது.

நுரையீரலின் காற்றறைகளிலும் சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலும் ரத்தக்குழாய்கள் நூலைவிட மெல்லியவை. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்கினால் இரண்டிலும் கசியும். ஆன்கா (நம் வெள்ளணுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்) வகை ரத்தக்குழாய் அழற்சி, குட்பாஸ்சர் நோய், லூபஸ் எல்லாம் இப்படிச் செய்யும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையும், சிறுநீரகத்தில் ஊசியால் எடுக்கும் சிறு துண்டும் எது என்று காட்டிக்கொடுக்கும். வயலில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் இதே மாதிரி வரும், அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். அதனால் முதலில் அதையும், மறுபடி டிபியையும் பார்த்தார்கள்.

சித்தப்பாவுக்கு ஆன்கா. முடிவு வரும்வரை காத்திருக்காமல் 3 நாள் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஏற்றி, பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தார்கள். சிலருக்கு அதற்குப் பதில் ரிட்டுக்ஸிமாப் தருவார்கள். குட்பாஸ்சர் என்றால், ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்றும் பிளாஸ்மா மாற்றமும் சேரும். நடுவில் 5 முறை டயாலிசிஸ், அப்புறம் தேவைப்படவில்லை. இப்போது கிரியேட்டினின் 2க்குக் கீழே.

நாள் தள்ளினால் சிறுநீரகம் திரும்பி வராமலே போகலாம். இன்றே அப்பாவின் சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், சிவப்பணுக்களோ அவை சேர்ந்த உருளைகளோ தெரிகிறதா என்று கேளுங்கள். மூச்சு வாங்கினால் அதற்கும் காத்திருக்காமல், சிறுநீரக மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றிரவே கிளம்புங்கள்.