7 கிலோவில் புனே போய் வர: திரும்பும் பையை நினைத்துக் கட்டுங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். என் தம்பி மகன் புனேயில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். தை மாதம் கிரகப்பிரவேசம். நானும் வீட்டுக்காரரும் சென்னையிலிருந்து விமானத்தில் போய், 3 ராத்திரி தங்கிவிட்டு வருகிறோம். மலிவாக இருக்கிறது என்று செக்-இன் பை இல்லாத டிக்கெட்டாகப் போட்டுவிட்டார்கள். ஆளுக்கு 7 கிலோ கைப்பை மட்டும்தானாம். பட்டுப்புடவை, ஸ்வெட்டர், அவருக்கு இன்சுலின், சீருக்கு வாங்கி வைத்த குத்துவிளக்கு, அவன் ஆசையாகக் கேட்ட மக்கன்பேடா எல்லாம் இதில் அடங்குமா? அத்தை என்று போய் வெறுங்கையோடு நிற்க முடியாதே!

பதில்: வெறுங்கையோடு நிற்க வேண்டாம். ஆனால் குத்துவிளக்கையும் மக்கன்பேடாவையும் கைப்பையில் எடுத்துப் போக வேண்டாம். மற்றதெல்லாம் அடங்கும், இடமும் மிஞ்சும்.

முதலில் ஒரு கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நம்மவர்கள் போகும்போது பை 7 கிலோவுக்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். சிக்கல் வருவதெல்லாம் திரும்பும்போது. கிரகப்பிரவேசத்துக்குப் போன யாரும் கொண்டுபோன பையோடு மட்டும் திரும்பியதில்லை. தாம்பூலப் பை, தேங்காய், பழம், ரவிக்கைத் துணி, பேர் பொறித்த எவர்சில்வர் டப்பா, தம்பி வீட்டார் வைத்துக்கொடுக்கும் புடவை வேட்டி, மிச்சமான பலகாரம் என்று ஆளுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ சேர்ந்துவிடும். வேண்டாம் என்றால் மனத்தாங்கல். அதனால் குடியாத்தத்தில் பூட்டைத் திருப்பும்போது பை ஐந்தரை கிலோவைத் தாண்டக் கூடாது. மீதி ஒன்றரை கிலோ தம்பி வீட்டுக்கு ஒதுக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் சேர்த்து 14 கிலோ என்று ஒரே பையில் திணிக்கவும் முடியாது. ஒவ்வொரு பையையும் தனித்தனியாகத்தான் எடை போடுவார்கள்.

அடுத்து, வெறும் பையின் எடை. துணியைக் குறைக்க ராத்திரி முழுக்க யோசிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. சக்கரம் வைத்த கெட்டி டிராலி, சின்ன சைஸாக இருந்தாலும், காலியாகவே இரண்டரை கிலோ, சிலது 3 கிலோ இருக்கும். ஐந்தரை கிலோவில் பாதி அங்கேயே போயிற்று. நம் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் வேலைக்குப் பேர்போன பக்கம். வீட்டுக்கு ஒரு நல்ல தோல் பை இருக்கும். பார்வைக்கு அழகு, ஆயுசும் அதிகம். ஆனால் 7 கிலோ பயணத்துக்கு அது வேண்டாம், பீரோ மேலேயே இருக்கட்டும். நைலான் துணியில் தைத்த முதுகுப்பை முக்கால் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. அதை வாங்குங்கள். 55 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம், 20 செ.மீ. கனத்துக்குள் இருந்தால் இங்கே ஓடும் விமானங்களில் பெரும்பாலும் பிரச்சினை வராது. உங்கள் டிக்கெட்டில் என்ன அளவு போட்டிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதுகில் மாட்டினால் வலிக்கும் என்றால், அதே நைலானில் தோளில் மாட்டும் பையும் கிடைக்கும்.

பெண்கள் தோளில் மாட்டும் ஹேண்ட்பேக் இந்த ஒரு பைக் கணக்கில் வராது, தனியாக விடுவார்கள். அதற்கும் எடை வரம்பு உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நகை, பணம், ஆதார், ஃபோன், கண்ணாடி, மாத்திரை எல்லாம் அதில் போகட்டும்.

இப்போது சீர். உங்கள் கேள்வியில் உண்மையான கவலை இதுதான் என்று தெரிகிறது. இரண்டடிப் பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி என்றால் அதுவே உங்கள் பை எடையைத் தின்றுவிடும். உச்சி கூராக இருப்பதால் ஸ்கேனில் பையைத் திறக்கச் சொல்வார்கள், விடாமலும் போகலாம். சீர் சாமானை அந்த இடத்தில் விட்டுவிட்டு விமானம் ஏற உங்களுக்கு மனசு வராது. விளக்கைத் தண்டு தண்டாகக் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் பழைய துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, பத்து நாள் முன்னாடியே போஸ்ட் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். தம்பி மகனிடம் பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். அங்கே போய் நீங்களே பிரித்து, தட்டில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டுக் கொடுத்தால் கையில் தூக்கிப்போன சீருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டதால் இந்த யோசனை. இன்னும் வாங்காதவர்களுக்கு நான் சொல்வது ஆரணிப் பட்டு. புது வீட்டு மருமகளுக்கு ஒரு புடவை, காஞ்சிபுரத்துக் கனத்த ஜரிகைப் புடவையைவிட லேசு, நம் வட ஆற்காட்டுத் தறியில் நெய்தது, பையில் தட்டையாக உட்காரும்.

துணிக்கு வருவோம். மூன்று ராத்திரிக்கு உங்களுக்கு வேண்டியது, உடுத்திக்கொண்டு போகும் காட்டன் புடவையைச் சேர்த்து, நாலு புடவை. ஹோமத்துக்கு ஒரு பட்டு, சாயங்காலம் வந்துபோகிறவர்களுக்கு நடுவே கட்ட லேசான சாஃப்ட் சில்க் ஒன்று, வீட்டோடு இருக்கும் நாளுக்கு ஒரு சாதாரணப் புடவை. கனமான ஜரிகைப் பட்டு ஒன்று முக்கால் கிலோ வரை இருக்கும், அதனால் இரண்டு பட்டு வேண்டாம். உள்பாவாடை இரண்டு போதும், எல்லாப் புடவைக்கும் பொருந்துகிற நிறத்தில். ஒரு காட்டன் பாவாடையே கால் கிலோ வரும் என்பதைத் தராசில் போட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள். பட்டை இறுக்கி உருட்டாதீர்கள். ஜரிகை உடைந்து மடிப்புத் தழும்பு விழும். அகல மடிப்பாக, ஜரிகை உள்பக்கம் வரும்படி மடித்து, பழைய மல் வேட்டித் துண்டில் சுற்றி, பையில் முதுகு படும் பக்கம் நிமிர்த்தி வையுங்கள். காட்டனையும் நைட்டியையும் இறுக்கி உருட்டி மீதி இடத்தில் சொருகலாம்.

அவருக்கு இன்னும் சுலபம். போட்டுக்கொண்டு போகும் பேன்ட் சட்டை, விசேஷத்துக்கு வேட்டி சட்டை, மாற்றுச் சட்டை ஒன்று, உள்ளாடை, அப்புறம் ஒரு லுங்கி. குடியாத்தத்துக்காரருக்கு லுங்கியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி உடுப்பு, குளித்துவிட்டுக் கட்ட, ஏ.சி. குளிர்ந்தால் போர்த்த என்று மூன்று வேலைக்கும் ஒரே துணி. தடித்த டர்க்கி டவல் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், ஈரமானால் இன்னும் கனம், காயவும் காயாது. ஆளுக்கொரு மெல்லிய கைத்தறித் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் எடுப்பதாக இருந்தால் அது உடம்பில்தான் இருக்க வேண்டும், பையில் வேண்டாம். ஷூவும் அப்படித்தான். இரண்டாவது ஜோடி செருப்பு எதற்கு? விசேஷ வீட்டில் வாசலோடு கழற்றிவிடப் போகிறோம்.

புனேயில் தை மாதம் பகலில் 30 டிகிரி வரை போகும், விடியற்காலையில் 12 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வேலூர் வெயிலில் பழகிய உடம்புக்கு அது நல்ல குளிர். ஹோமம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இருக்கும். எனவே ஸ்வெட்டர், சால்வை கட்டாயம். ஆனால் அவை பைக்குள் போக வேண்டாம். கையில் மடித்துப் பிடித்திருங்கள், விமானத்துக்குள் ஏறியதும் போர்த்திக்கொள்ளுங்கள். உடம்பில் இருப்பதை யாரும் எடை போடுவதில்லை.

போகிற ஊரில் என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு கட்டுவது நம்மிடம் குறைவு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காகக் கொல்கத்தாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்து, காந்தி ரோடு லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களைப் பாருங்கள். அடுப்பு, பாத்திரம் எல்லாம் இங்கேயே வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நீங்கள் போவது சொந்தத் தம்பி மகன் வீடு. சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், சீப்பு, தேங்காய் எண்ணெய், இஸ்திரிப் பெட்டி, போர்வை அங்கே இருக்கும். ஒரு ஃபோன் போட்டுக் கேட்டால் ஒரு கிலோ குறையும்.

பூஜைக்கு உதவும் என்று கற்பூரம், தீப்பெட்டி வைக்காதீர்கள். தீப்பற்றும் பொருள் என்பதால் கைப்பையிலும் கூடாது, சரக்கில் போகும் பையிலும் கூடாது. மிளகாய்த்தூள், ஊறுகாய், நெய் ஆகியவையும் கைப்பையில் மாட்டும். இட்லிப் பொடியிலும் மிளகாய் இருப்பதால் சோதனை செய்பவர் மனசுதான் முடிவு, விட்டுவிடுங்கள். எண்ணெய், கிரீம் மாதிரி எதை எடுத்தாலும் 100 மி.லி.க்குள் அடங்கும் டப்பாவில் எடுங்கள். வெளிநாட்டு விமானத்தில்தான் இந்த அளவு கண்டிப்பு என்றாலும், உள்நாட்டிலும் இப்படி வைத்துக்கொண்டால் வாக்குவாதம் வராது. பவர் பேங்க் இருந்தால் கைப்பையில்தான் இருக்க வேண்டும். வழக்கமான 10,000 எம்.ஏ.எச்., 20,000 எம்.ஏ.எச். இரண்டும் அனுமதி வரம்புக்குள்தான் வரும்.

ஆற்காடு மக்கன்பேடா ஜீராவில் ஊறிய பண்டம். ஜீரா திரவக் கணக்கில் சேரும், கசிந்தால் பட்டுப்புடவை போச்சு. வடித்துக் கட்டித் தரச் சொல்லலாம்தான், ஆனால் ஜீரா இல்லாத மக்கன்பேடாவை அவன் கேட்கவில்லையே. ஊருக்கு வரும்போது சாப்பிடட்டும். அதற்குப் பதில் அரைக் கிலோ இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் எடுத்துப் போங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்க் காய். காம்பில் முள் இருப்பதால் துணிப்பையில் சுற்றி வையுங்கள். சோதனையில் ஒரு கேள்வியும் வராது. விசேஷம் முடிந்த மறுநாள் அந்த வீட்டில் நீங்கள் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால், எந்த இனிப்பும் அதற்கு ஈடாகாது.

இன்சுலினில் விளையாடக் கூடாது. அது எப்போதும் கூடவே, ஹேண்ட்பேக்கில். செக்-இன் பை உள்ள டிக்கெட்டாக இருந்தாலும் அதில் போடக் கூடாது. சரக்குப் பகுதியில் குளிர் அதிகமாகி உறைந்தால் மருந்து கெட்டுவிடும். பேனா, ஊசி, டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு மூன்றும் ஒரே பவுச்சில் இருக்கட்டும். சீட்டை ஃபோனிலும் படம் எடுத்து வையுங்கள். மாத்திரைகளை அட்டையோடு எடுங்கள், பிரித்து டப்பாவில் கொட்டினால் என்ன மருந்து என்று சொல்ல வழி இருக்காது. போகும் நாளுக்கு மேல் 3 நாள் மருந்து கூடுதலாக வேண்டும். எடையைக் குறைக்கச் சொல்லும் நான் கூடுதலாக எடுக்கச் சொல்வது இது ஒன்றைத்தான். வழிச் சாப்பாட்டுக்குப் புளிசாதமோ சப்பாத்தியோ போதும். சர்க்கரைக்காரர் என்பதால் பிஸ்கட் பாக்கெட் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பை லேசாக இருப்பதன் அருமை விமானத்தைவிட அதற்கு முன்னால்தான் அதிகம் தெரியும். குடியாத்தம் ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. ஆட்டோ பிடித்துப் போய் அங்கேயே ஏறினாலும், காட்பாடி வந்து ஏறினாலும், வண்டி நிற்பது சில நிமிடம்தான். பிளாட்பாரம் மாற மேம்பாலப் படி. சென்ட்ரலில் இறங்கியதும் அங்கிருந்தே மெட்ரோவில் நேராக விமான நிலையம் போய்விடலாம், டாக்ஸி தேவையில்லை. இத்தனை இடத்திலும் இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் நீங்கள் அவரையும் பார்த்துக்கொள்ள முடியும்.

கட்டி முடித்ததும் எடை போடுங்கள். தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்தால் போதும், இல்லை என்று சொல்லமாட்டார்கள். கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு கிடைத்தால் வாங்கிப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். புனேயில் 15 மாடி இறங்கி மளிகைக்கடை தேட வேண்டியிருக்காது. ஐந்தரையைத் தாண்டினால் முதலில் வெளியே வர வேண்டியது "இருக்கட்டும்" என்று வைத்த இரண்டாவது பட்டு.

திரும்பும் நாளுக்கு முந்தின ராத்திரி தாம்பூலப் பையைப் பிரித்து, தேங்காயை அங்கேயே சமையலறையில் வைத்துவிடுங்கள். கைப்பையில் தேங்காய் விடமாட்டார்கள். சபரிமலை சீசனில் இருமுடிக்கு மட்டும் தனியாக அனுமதி கொடுத்தார்கள், அது நமக்கு உதவாது. மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, டப்பா எல்லாம் வரலாம். டப்பாவைக் காலியாக வைக்காமல் உள்ளே உள்ளாடையைத் திணியுங்கள், இடம் மிச்சம். அதற்கப்புறமும் 7 கிலோவைத் தாண்டினால் அன்றைக்கு ராத்திரியே டிக்கெட் போட்ட ஆப்பில் ஒரு பைக்குக் கூடுதல் எடை வாங்கச் சொல்லுங்கள். விமான நிலையக் கவுன்டரில் கேட்கும் காசைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.