பயறு மூட்டைக்கு நீலகிரித் தைலம் போதுமா?

கேள்வி: வீட்டில் மூன்று மூட்டை பாசிப்பயறு இருக்கிறது. ஒன்று விதைக்கு, மற்றவை சாப்பாட்டுக்கு. போன ஆண்டு வண்டு விழுந்து எல்லாம் பாழாகிவிட்டது. மாத்திரை வைக்கப் பயம். நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்துச் சாக்குக்குள் போட்டால் போதும் என்கிறார்கள். உண்மையா? (வாசகி, விளாத்திகுளம் பகுதி)

பதில்: முதலில், மாத்திரையைத் தொடாமல் இருந்தீர்களே, அதுவே பெரிய காரியம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை விடும் பாஸ்பீன் வாயு, ஆட்கள் படுத்துறங்கும் வீட்டில் உயிரையே குடித்துவிடும். மூட்டை அடுத்த அறையில் இருந்தாலும் ஆபத்துதான்.

தைலத்துக்கு வண்டைக் கொல்லும் சக்தி உண்டு. ஆனால் சாக்குக்குள் அது பலிக்காது. நீலகிரித் தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். அது ஆவியாகி, வண்டின் மூச்சுத் துளைகள் வழியே உள்ளே போய் நரம்பைத் தாக்குகிறது. காற்றுப் புகாத குடுவையில் வைத்துச் சோதித்தால் வண்டு சாகிறது. சணல் சாக்கிலோ அந்த ஆவி தங்காது. தங்கும் கொஞ்சத்தையும் பயறு உறிஞ்சிக்கொண்டு, பிறகு சுண்டலில் வாடையடிக்கும். கடையில் விற்பது மேலுக்குத் தேய்க்கும் தைலம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு சங்கடம், பயறு வண்டு வயலிலேயே காய் மீது முட்டையிட்டு, அறுவடையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஒரு கைப்பிடிப் பயறை வெளிச்சத்தில் பாருங்கள். மணியின் தோலில் குண்டூசித் தலையை விடச் சிறிய வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. பொரித்த புழு, முட்டைக்கு அடியிலேயே துளைத்து மணிக்குள் போய்விடும். பருப்பைத் தின்று வளர்ந்து, சுமார் ஒரு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். நமக்குக் கண்ணில் படுவது அப்போதுதான். மணிக்குள் இருக்கும் புழுவைத் தைலத்தின் ஆவி எளிதில் எட்டாது.

சாப்பாட்டுக்கான பயறை, கடித்தால் 'நறுக்'கென்று உடையும்வரை வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, சலித்துக்கொள்ளுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கும். பிறகு கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டு, ஒவ்வொரு மணியிலும் படும்படி பிசறி, இறுக மூடும் தகர டிரம்மில் கழுத்துவரை நிரப்புங்கள். எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சுத் திணறச் செய்துவிடும். ஒரு பகுதியை உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் இன்னும் நல்லது. இந்த வண்டு முழு மணியைத்தான் பெரிதும் நாடும். என் கணிப்பில், உங்கள் வீட்டுக்கு எந்தத் தைலத்தை விடவும் இதுவே பலன் தரும்.

நொச்சி, வேப்பிலை போட்டு வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். நன்றாக உலர்ந்த இலையாகப் போடுங்கள், தவறில்லை. பச்சை இலை ஈரத்தைக் கூட்டும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

விதை மூட்டைக்குத் தனிக் கவனம் வேண்டும். வாசனைத் தைலங்கள் அளவு கூடினால் முளைப்பைக் கெடுக்கும். அதற்குப் பதில் கிலோவுக்கு 10 கிராம் வசம்புப் பொடி கலந்து வையுங்கள். வசம்பில் உள்ள அசரோன் வண்டின் முட்டை உற்பத்தியையே கெடுக்கக்கூடியது. அதே அசரோன் உடலுக்குக் கேடு என்பதால் அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். எனவே அந்த மூட்டையில் 'விதை' என்று பெரிதாக எழுதி, சமையலறைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விதைத்தது போக மிஞ்சினாலும் உலையில் போட வேண்டாம்.