ஜப்பான் பாண்டம் ஜோடியில நெட்டைக்கால் குஞ்சு வருது, ஏமாந்துட்டேனா?

கேள்வி: சார் வணக்கம், பொள்ளாச்சி பக்கம் இருந்து எழுதுறேன். போன வருஷம் ஒரு ஜோடி ஜப்பான் பாண்டம் (குட்டி அலங்காரக் கோழி) வாங்கினேன், வெள்ளை உடம்பு கருப்பு வால், ரெண்டுமே நல்ல குட்டைக்கால். இன்குபேட்டர்ல 12 முட்டை வச்சேன். ரெண்டு முட்டை கரு கூடல, 7ஆம் நாள் லைட் அடிச்சுப் பார்த்தப்ப மூணுல ரத்த வளையம், அதாவது கரு செத்துப்போச்சு, மீதி 7 பொரிஞ்சுது. அதுல ரெண்டு குஞ்சுக்கு கால் நீளமா இருக்கு. ஒரிஜினல்னு சொல்லி கிராஸை தலையில கட்டிட்டாங்களா? கரு சாகாம இருக்க மருந்து எதாவது இருக்கா?

பதில்: தம்பி, வித்தவர திட்டாதீங்க, உங்களுக்கு வந்திருக்கிறது அந்த இனத்தோட சரியான கணக்குதான். ஜப்பான்ல சாபோன்னு சொல்ற இந்தக் கோழிக்கு கால் குட்டையா இருக்கிறதே ஒரு ஜீனாலதான். அந்த ஜீன் அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு, ஆத்தாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் சேர்ந்துட்டா கரு பொழைக்காது, பெரும்பாலும் முதல் நாலு நாள்லயே செத்துடும், நீங்க பார்த்த ரத்த வளையத்துல இதுவும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வந்தா குட்டைக்கால், ஒண்ணுமே வரலைன்னா நெட்டைக்கால். அதாவது உயிரோட இருக்கிற எந்தக் குட்டைக்கால் சாபோவும் அந்த ஜீன ஒரு பக்கத்துல இருந்து மட்டும்தான் வாங்கியிருக்கும், அதனால "எல்லா குஞ்சும் குட்டைக்காலாவே வரும்"னு எவனாவது ஜோடி வித்தா அவன்கிட்டதான் நீங்க உஷாரா இருக்கணும்.

குட்டைக்கு குட்டை போட்டா கரு கூடின முட்டையில கால்வாசி சாகும், பாதி குட்டைக்கால், கால்வாசி நெட்டைக்கால். உங்க 10 முட்டையில 3, 5, 2, இதவிட சரியா எப்படி வரும்! அடுத்த ஈடுல இப்படியே வரும்னு சொல்ல முடியாது, பத்து முட்டைல கணக்கு முன்னபின்ன ஆகத்தான் செய்யும். மருந்து கிடையாதுங்க, வைட்டமின் டானிக்னு காச கரைக்காதீங்க.

வழி என்னன்னா குட்டைக்கால் சேவலுக்கு நெட்டைக்கால் பெட்டைய போடுங்க. இந்த ஜீனால ஒரு கருவும் சாகாது, குஞ்சுல பாதிக்குப் பாதி குட்டைக்கால் கிடைக்கும். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா 100 கருமுட்டைக்கு ரெண்டு வழியிலயும் 50 குட்டைக்கால்தான், ஆனா இதுல சாவு இல்ல, நெட்டைக்கால் குஞ்சுதான் கூட வரும். நெட்டைக்கு நெட்டை மட்டும் சேர்த்துடாதீங்க, அப்புறம் குட்டைக்காலே வராது. அப்பன் மேலயே மகள விடாம வேற இடத்துல இருந்து ஒரு சேவல் மாத்திக்கிட்டா நல்லது.

ஒண்ணு கவனிங்க, 18ஆம் நாளுக்கு மேல முழுக்குஞ்சா வளர்ந்து ஓட்டுக்குள்ளயே சாகுதுன்னா அதுக்கு ஜீன் மேல பழி போடாதீங்க, முதல்ல ஈரப்பதத்தப் பாருங்க. முட்டை சின்னது, சீக்கிரம் காயும், கடைசி மூணு நாள் 65-70 சதவீதம் இருக்கணும். பாண்டம் பல சமயம் 20ஆம் நாளே பொரிச்சிடும், அதனால 17ஆம் நாளோட முட்டை திருப்புறத நிறுத்திடுங்க.

வளர்க்கிறதுல இந்தக் கோழிக்கு பெரிய எதிரி ஈரத்தரைதான், வயிறு தரையில உரசுற மாதிரி நடக்குறதால மழைக்காலத்துல நெஞ்சு இறகெல்லாம் சேறாகி குளிர்ல சுருண்டுடும். உமி கனமா போட்டு காய்ஞ்சே வைங்க, ஈரமான உமிலதான் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சலும் வரும். உக்கார்ற கட்டை அரை அடி உயரத்துக்கு மேல வேணாம். தண்ணி தட்டுல கூழாங்கல் போட மறக்காதீங்க, குஞ்சு அவ்ளோ சின்னது, முங்கிடும். ப்ரூடர்ல (குஞ்சுக்கு சூடு குடுக்குற கூண்டு) முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரியா குறைங்க. வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து முதல் வாரத்துலயே, அப்புறம் அதே நோய்க்கு லசோட்டா மருந்து, அம்மை ஊசி, இதெல்லாம் நாட்டுக்கோழிக்குப் போடுற மாதிரியேதான்.

அந்த ரெண்டு நெட்டைக்கால் குஞ்சும் சேவலா பெட்டையான்னு தெரிய ரெண்டு மாசமாவது ஆகும், அதுவரைக்கும் அதுங்கள குழம்பு வச்சிடாதீங்க தம்பி.