வாழாத ஊரில் ஒரு வளவு வீடு: கையெழுத்துப் போடுவதற்கு முன்

வாசகி ஒருவரின் கேள்வி: “பிறந்தது, வளர்ந்தது எல்லாம் பெங்களூரு. காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் பாட்டையா (கொள்ளுத்தாத்தா) கட்டிய வீட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு. அங்கே நான் சேர்ந்தாற்போல ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணமும், முன்னோர்களுக்குச் செய்யும் படைப்பும் அங்கேதான். அப்பச்சி (அப்பா) போன வருடம் காலமானார்கள். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். ‘நீங்கள் யாரும் இங்கே வந்து இருக்கப்போவதில்லை, பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்கிறார் பெரியப்பச்சி (பெரியப்பா) மகன். வாழாத வீட்டில் எனக்கு உரிமை உண்டா? அந்த ஊரை விட மனமில்லை. அண்ணனோடு சண்டை போடவும் விருப்பமில்லை.”

உரிமை உண்டு. குடியிருந்தவருக்குத்தான் வீடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்பச்சி உயில் எழுதாமல் போயிருந்தால், அவர்கள் பங்கு உங்கள் தாயாருக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் சமமாக வரும். வீடு பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தாகவே நீடித்தால் மகள் என்ற முறையில் பிறப்பிலேயே உங்களுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம் அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு இந்த உரிமையைத் தந்தது. 2005-இல் மத்திய அரசு அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்தச் சமயத்தில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதை மாற்ற முடியாது.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கம் வேறு திசையில் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். மணமான ஆண் மகனின் குடும்பம்தான் புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். பெண் கட்டிக்கொடுத்த பிறகு கணவர் வீட்டுக் கோயிலோடு சேர்ந்துவிடுகிறாள். ‘சீர் செய்தாகிவிட்டது, இனி என்ன பங்கு’ என்ற பேச்சு அதிலிருந்து வருவதுதான். கோயில் கணக்கில் அந்த வழக்கம் நடக்கட்டும், அதை நான் மதிக்கிறேன். வீட்டின் உரிமைக் கணக்கை அதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

அண்ணன் சாவியை வைத்திருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். பங்காளிகளில் ஒருவர் கையில் வீடு இருந்தால், எல்லாருக்காகவும் அவர் வைத்திருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘உங்களுக்குப் பங்கே இல்லை’ என்று அவர் வெளிப்படையாக மறுத்து, அதன்பின் 12 வருடம் நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால்தான் ஆபத்து. அப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால்கூட, மரியாதையாக, ஆனால் எழுத்தில் மறுத்துப் பதில் அனுப்பிவிடுங்கள்.

காரைக்குடி பக்கத்து வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் காகிதம் இல்லாததுதான். முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (முற்றமும் அதைச் சுற்றிய கட்டும்) எல்லாம் பொது, இன்ன அறை இன்னாருக்கு என்று வாய்வழியாகவே மூன்று தலைமுறை ஓட்டியிருப்பார்கள். பட்டா இன்னும் ஐயா (தாத்தா) பெயரிலோ பாட்டையா பெயரிலோ இருக்கும். அதனால் முதல் வேலையாக வட்டாட்சியர் அலுவலகத்தின் வாரிசுச் சான்றிதழுக்கு மனுச் செய்யுங்கள். சொத்தின் மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுக்கலாம். மிகப் பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சிரமத்தைப் பார்க்காதீர்கள். ஐயா காலத்தில் பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் உங்கள் பங்கின் அளவே அதில்தான் இருக்கும். அப்புறம், வீட்டு வரி ரசீது. அது உரிமைப் பத்திரம் ஆகாது என்றாலும், உங்கள் குடும்பம் வீட்டைக் கைவிடவில்லை என்பதற்குச் சாட்சி.

கைவிடவில்லை என்பது ஏன் முக்கியம்? பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கிறார் என்று வையுங்கள். குடும்பத்தின் குடியிருப்பு வீடாக இருந்தால், பங்கை வாங்கிய வெளியாள் உள்ளே வந்து உங்களோடு சேர்ந்து வீட்டை அனுபவிக்கும் உரிமை கேட்க முடியாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பிரித்துத் தரச் சொல்லி அவர் வழக்குப் போட்டால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை நீங்களே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். இது 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. வீடு பூட்டிக் கிடப்பதால் மட்டும் இந்தப் பாதுகாப்பு போய்விடாது, திரும்பி வரும் எண்ணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். படைப்புக்கு வருவதும், கல்யாணத்தை அங்கே வைப்பதும், வருடா வருடம் வரி கட்டுவதும் அந்த எண்ணத்தின் அடையாளங்கள். ஊரில் வாழாதவர்கள் ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்கச் செய்யும் காரியங்கள்தான் வழக்கு என்று வந்தால் கைகொடுக்கும். புகைப்படம், அழைப்பிதழ், செலவுச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, விடுதலைப் பத்திரம். அதைப் பதிவு செய்து கொடுத்தால் உங்கள் பங்கு போனது போனதுதான், பிறகு மனம் மாறினால் திரும்பக் கேட்க முடியாது. விடுவதாக நீங்களே முடிவு செய்யாதவரை கையெழுத்து வேண்டாம். அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும், சுவரில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்க வேண்டும், கறையானுக்கு மருந்து அடிக்க வேண்டும். இத்தனையையும் அவர் தனியாகப் பார்த்திருந்தால் அலுப்பு வரத்தான் செய்யும். பராமரிக்க முடியாமல் இடித்துப் பிரிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

எனவே பேச்சைப் பணத்திலிருந்து தொடங்குங்கள். இதுவரை அவர் செய்த செலவில் உங்கள் பாகத்தைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். பங்காளிகள் பெயரில் ஒரு பொதுக் கணக்குத் தொடங்கி, அவரவர் பங்குக்கு ஏற்ப வருடம் ஒரு தொகை போடுவது, செலவுக் கணக்கை எல்லாருக்கும் அனுப்புவது, எந்த அறை யாருக்கு, விசேஷங்களுக்கு வளவு யாருக்கு எப்போது என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்திடுவது நல்லது. ஒருவர் விற்க விரும்பினால் முதலில் பங்காளிகளிடம் கேட்க வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும். வீட்டையே பிரித்துக்கொள்வதாக முடிவானால் அது பதிவு செய்த பத்திரமாகத்தான் இருக்க வேண்டும்.

தம்பி நேரில் வர முடியாவிட்டால் உங்களுக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) தரலாம். சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) சான்று பெற்று அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். பராமரிப்பு, வரி, பட்டா மாற்றம் ஆகியவற்றுக்கு மட்டும் அதிகாரம் என்று அதில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். விற்கும் அதிகாரம் அதில் வேண்டாம்.